காம்பி பாய்லருக்கு 3,850 பவுண்டு: நியாயமா, பகல் கொள்ளையா?

ஹாரோசெமி | 12 அக்டோபர் 2025, இரவு 9.12

லண்டனில் 1930களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது). மூன்று படுக்கையறை, ஒரு குளியலறை, அறைகளைச் சூடாக்க 9 ரேடியேட்டர். கிச்சனில் 20 வருஷப் பழைய பாய்லர், மாடியில் ஏரிங் கப்போர்டுக்குள் (துணி உலர்த்தும் அலமாரி) வெந்நீர் சேமிக்கும் செம்பு சிலிண்டர், கூரைக்கு அடியில் லாஃப்டில் இரண்டு தண்ணீர்த் தொட்டி. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 30 கிலோவாட் காம்பி (சிலிண்டர் இல்லாமல் ஹீட்டிங்குக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒரே பாய்லர்) போட மூன்று கோட்டேஷன் வாங்கியாச்சு.

அ: 3,850, வி.ஏ.டி (20 சதவீத விற்பனை வரி) சேர்த்து. வீட்டுக்கு வந்து பார்த்து, இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஆ: 2,450. வாட்ஸ்அப்பில் ஒரே வரி. "30 கிலோவாட் காம்பி, ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து, கேஷ்."

இ: 3,190. இணையத்தில் படிவம் நிரப்பி நாலு போட்டோ ஏற்றினால் வரும் விலை.

அதே பாய்லர் இணையக் கடையில் 1,000 பவுண்டு. அப்படியானால் இரண்டு நாள் வேலைக்கு 2,850 கூலியா? அ செய்வது பகல் கொள்ளை என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் கணக்கோடு வரவும்.

செம்புக்குழாய் | 12 அக்டோபர், இரவு 10.05

கணக்கோடே வருகிறேன். 3,850-ல் ஆறில் ஒரு பங்கு வி.ஏ.டி, அதாவது 642. அது அரசுக்குப் போகிற காசு. மிச்சம் 3,208.

சாமான்கள், வரி நீக்கி, சுமாராக: பாய்லர் 900 முதல் 1,000. புகைக்குழாய் தனியாக வரும், 80. இரும்புத் தூளைப் பிடிக்கும் காந்த ஃபில்டர் 90. தெர்மோஸ்டாட் 130. கழுவும் ரசாயனமும் இன்ஹிபிட்டரும் (துருத் தடுப்பு மருந்து) 35. 22 மி.மீ. செம்புக்குழாய், எல்போ, வால்வு, கண்டன்சேட் குழாய் (பாய்லரில் சேரும் கழிவுநீர் போவது), அதன் மேல் உறை, கிளிப் என்று சில்லறை எல்லாம் 200. பழைய தொட்டியையும் குப்பையையும் அகற்ற 50. ஆக 1,500-ஐத் தாண்டும்.

கையில் மிஞ்சுவது 1,700-க்குக் கொஞ்சம் குறைவு. சிலிண்டரும் தொட்டியும் கழற்றுகிற வேலை என்றால் இரண்டு பேர், இரண்டு நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிட்ட வரும். அதிலிருந்துதான் வேன், இன்ஷூரன்ஸ், கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்வோருக்கான சட்டப்படியான பதிவு) கட்டணம், வருஷா வருஷம் காலிபரேஷனுக்கு அனுப்பும் புகை அனலைசர், பிப்ரவரியில் "பாய்லர் ஓடலை" என்று கூப்பிட்டால் காசு வாங்காமல் வந்து பார்ப்பது, எல்லாம். லண்டனில் இது கொள்ளை விலை இல்லை. மலிவும் இல்லை.

நான் சந்தேகப்படுவது ஆ-வின் விலையைத்தான். அந்த ஒரு வரியில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கணக்குப்பிள்ளை | 12 அக்டோபர், இரவு 11.20

வி.ஏ.டி பற்றி ஒரு திருத்தம். ஆ தனியாளாகத் தொழில் செய்து வருஷ விற்றுவரவு 90,000-க்குக் கீழே இருந்தால் (2024 ஏப்ரலுக்கு முன் 85,000) வி.ஏ.டி பதிவு கட்டாயமில்லை. அவர் வரி போடாதது தப்பே கிடையாது. ஆனால் சாமான் வாங்கும்போது கடையில் அவரும் வரி கட்டித்தான் வாங்குகிறார், திரும்ப எடுக்க முடியாது. ஆகவே நேர்மையான தனியாளுக்கும் வி.ஏ.டி கம்பெனிக்கும் இடையே வரியால் வரும் வித்தியாசம் கூலியின் மேல் உள்ள 20 சதவீதம் மட்டும்தான். செம்புக்குழாய் சொன்ன 1,700-க்கு அது 340. அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே 1,400 இருக்கிறது. மீதி ஆயிரத்துச் சொச்சம் எங்கே போனது என்று தேடுங்கள்.

"கேஷ்" என்ற சொல்லுக்கு இன்னொரு விலையும் உண்டு. இன்வாய்ஸ் இல்லை என்றால் நாளைக்கு வாரண்டிச் சண்டையில் காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது.

லூட்டன்காரன் | 13 அக்டோபர், காலை 7.31

விலையை விடுங்கோ, முதல்ல ஆளைப் பாருங்கோ. கேஸ் சேஃப் காட்டை ஒருக்கா வாங்கி, திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கோ. முன்பக்கத்தில படமும் ஏழு இலக்க லைசன்ஸ் நம்பரும் இருக்கும். பின்பக்கத்திலதான் அந்த ஆள் எந்தெந்த வேலை செய்யத் தகுதியானவர் எண்டு எழுதியிருக்கும். குக்கர் மட்டும் போட்டிருந்தா பொயிலரைத் தொடக் கூடாது. நம்பரைக் கேஸ் சேஃப் தளத்தில அடிச்சா உடனே விபரம் வரும். காலாவதித் தேதியையும் பாருங்கோ.

இன்னும் கோர்கி எண்டு வேன்ல எழுதிக்கொண்டு திரியிறவை இருக்கினம். கேஸ் சேஃபுக்கு முந்தி இருந்த கோர்கி பதிவு 2009 ஏப்ரல் 1-ஓட போச்சுது. பதினாறு வருசமா வேனுக்குப் பெயின்ற் அடிக்காத ஆள் உங்கட குழாயை எப்பிடி அடிப்பார்?

ஹாரோசெமி | 13 அக்டோபர், மாலை 6.48

சரி, அ-வின் இரண்டு பக்கத்திலிருந்து என் கண்ணை உறுத்துகிற வரிகள்:

மீட்டரிலிருந்து பாய்லர் வரை கேஸ் குழாய் 22 மி.மீ. ஆக மாற்ற: 380.
பவர் ஃப்ளஷ் (இயந்திரத்தால் குழாய், ரேடியேட்டர் எல்லாம் அலசுவது): 540.
சிலிண்டர், தொட்டிகள் கழற்றி அகற்ற: 220.
கண்டன்சேட் வெளிக்குழாய், உறையோடு: 95.

இருக்கிற கேஸ் குழாய் 15 மி.மீ. இருபது வருஷமாகப் பாய்லர் அதில்தானே ஓடியது? அதை ஏன் மாற்ற வேண்டும்?

செம்புக்குழாய் | 13 அக்டோபர், இரவு 8.15

ஓடியது பழைய பாய்லர். அது 15 கிலோவாட்டோ 18-ஓ இருக்கும். காம்பி வெந்நீருக்காக முழுமூச்சில் எரியும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு கேஸ் இழுக்கும். 30 கிலோவாட் காம்பிக்கு மணிக்கு 3 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வேண்டும்.

விதி இது: மீட்டரிலிருந்து பாய்லருக்குப் போவதற்குள் அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் விழக் கூடாது. அந்த வரம்புக்குள் 15 மி.மீ. குழாய் 3 மீட்டர் தூரத்துக்கு 2.9 கன மீட்டர் கொண்டுபோகும். 6 மீட்டர் என்றால் 1.9 தான். 22 மி.மீ. குழாயோ 6 மீட்டருக்கு 5.8, 15 மீட்டருக்கு 3.4. இந்த நீளத்தில் எல்போவும் (குழாய் வளைவு) சேரும், ஒவ்வொன்றுக்கும் அரை மீட்டர் கூட்ட வேண்டும். 7 மீட்டர் ஓட்டத்தில் ஆறு எல்போ இருந்தால் கணக்கில் அது 10 மீட்டர்.

15-லேயே மாட்டினால் உடனே ஒன்றும் தெரியாது. ஷவரைத் திறந்துவிட்டுக் கேஸ் அடுப்பையும் பற்ற வைக்கும்போதுதான் தெரியும். தண்ணீர் வெதுவெதுப்போடு நிற்கும், அல்லது பாய்லர் பிழைக் குறியீடு காட்டி அணையும். உற்பத்தியாளரின் ஆள் வந்து முதலில் அளப்பது இன்லெட் அழுத்தத்தைத்தான், அதாவது பாய்லருக்குள் நுழையும் இடத்தில் கேஸ் அழுத்தம். குறைவாக இருந்தால் "இது எங்கள் பழுதில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

380 நியாயம்தான். தரைப்பலகை கிளப்ப வேண்டியிருந்தால் குறைவுகூட. ஆ-விடமும் இ-யிடமும் இதையே ஒரு கேள்வியாகக் கேளுங்கள்: "கேஸ் குழாய் எந்த அளவு போடுவீர்கள்? முழு எரிப்பில் இன்லெட் அழுத்தம் எவ்வளவு என்று எழுதித் தருவீர்களா?"

பழையதொட்டி | 13 அக்டோபர், இரவு 9.02

540 பவர் ஃப்ளஷ் பற்றி யாரும் பேசவில்லையே. அதுதான் இந்தத் தொழிலின் பாப்கார்ன். படத்தில் வராத லாபம் அதில் வந்துவிடும்.

செம்புக்குழாய் | 13 அக்டோபர், இரவு 9.40

பாதி உண்மை. பி.எஸ். 7593:2019 என்ற பிரிட்டிஷ் தரம் கேட்பது சிஸ்டத்தைச் சுத்தம் செய்து, அலசி, இன்ஹிபிட்டர் போட்டு, ஃபில்டர் மாட்ட வேண்டும் என்று. அதைப் பவர் ஃப்ளஷ் இயந்திரத்தால்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. ரசாயனம் ஊற்றி ஓடவிட்டு, பிறகு மெயின்ஸ் தண்ணீரால் ஒவ்வொரு ரேடியேட்டராக அலசுவதும் செல்லும்.

எது தேவை என்று நீங்களே பார்க்கலாம். ஹீட்டிங்கை அரை மணி ஓடவிட்டு ரேடியேட்டரைக் கையால் தடவுங்கள். மேலே குளிர்ந்திருந்தால் காற்று, சாவி போட்டுத் திறந்துவிட்டால் போயிற்று. கீழே நடுப்பகுதி குளிர்ந்து மேலே சூடாக இருந்தால் சேறு. அப்புறம் ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்டு, கீழ்த்தளத்து ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் பிடியுங்கள். தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ இருந்தால் ரசாயனக் கழுவல் போதும். மை மாதிரி கறுத்து, ஃபிரிட்ஜ் காந்தத்தை டம்ளருக்கு வெளியே வைத்தால் கறுப்புத் தூள் அதன் பக்கம் ஒட்டிக்கொண்டால் அது இரும்பு ஆக்சைடு. அப்போது 540-க்கு அர்த்தம் இருக்கிறது.

கழுவாமலே புதுப் பாய்லர் மாட்டுவது எல்லாவற்றையும்விட மோசம். காம்பிக்குள் வெந்நீர் செய்யும் தகட்டு எக்ஸ்சேஞ்சரின் சந்துகள் மிகக் குறுகல். சேறு முதலில் அங்கேதான் அடைக்கும். ஹீட்டிங் சரியாக ஓடும், வெந்நீர் மட்டும் சூடாகிச் சூடாகிக் குளிரும். சேற்றால் வந்த பழுது என்றால் வாரண்டி கிடையாது.

லூட்டன்காரன் | 14 அக்டோபர், காலை 7.10

பவர் ஃப்ளஷ் பற்றி ஒண்டு சேர்க்க வேணும். குழாய் 8 அல்லது 10 மி.மீ. மைக்ரோபோர் எண்டால் ஃப்ளஷ் பண்ணேக்குள்ள அடைபடுற ஆபத்து இருக்கு. றேடியேற்றருக்குப் போற குழாய் சின்ன விரல் மொத்தமோ எண்டு பாருங்கோ. அப்பிடியெண்டால் "முழுசா அலசித் தருவன்" எண்டு சத்தியம் பண்ணுற ஆளை நம்ப வேண்டாம்.

ஹாரோசெமி | 14 அக்டோபர், இரவு 7.55

டம்ளர் பார்த்தாச்சு. டீ நிறம், காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டு ரேடியேட்டர் மட்டும் மேலே குளிர். குழாய் 15 மி.மீ., மைக்ரோபோர் இல்லை.

இ-யின் ஆள் போனில், "35 கிலோவாட் எடுங்கள், 210 தான் கூடுதல், ஷவர் பிய்த்துக்கொண்டு வரும்" என்கிறார். எடுக்கலாமா?

செம்புக்குழாய் | 14 அக்டோபர், இரவு 8.30

முதலில் ஒரு பக்கெட் எடுங்கள். கிச்சனில் குளிர்தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்து, 10 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 600-ஐ அந்த நொடியால் வகுத்தால் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 50 நொடி என்றால் 12 லிட்டர்.

காம்பி தண்ணீரை உற்பத்தி செய்வதில்லை. தெருவிலிருந்து வருவதைச் சூடாக்குகிறது, அவ்வளவுதான். 35 டிகிரி ஏற்ற 24 கிலோவாட் நிமிஷத்துக்கு 9.8 லிட்டர் தரும், 30 கிலோவாட் 12.3, 35 கிலோவாட் 14.3. உங்கள் மெயின்ஸே 11 லிட்டர் என்றால் 35 வாங்குவது வீண். குளிர்காலத்தில் தண்ணீர் 6, 7 டிகிரிக்கு இறங்கும்போதுதான் பெரியது கொஞ்சம் உதவும்.

பக்கெட் வைத்துப் பார்க்காமல் காம்பி விலை சொன்னவர் யாரானாலும் அது முழுமையான கோட்டேஷன் இல்லை.

பழையதொட்டி | 14 அக்டோபர், இரவு 8.52

ஹீட்டிங்குக்கு 35 கிலோவாட் தேவையில்லையா? 9 ரேடியேட்டர் இருக்கிறதே. குளிர் தாங்காத மாமியார் வேறு இருப்பார்.

செம்புக்குழாய் | 14 அக்டோபர், இரவு 9.20

மாமியாருக்கும் சேர்த்தே 8 கிலோவாட் போதும். இந்த மாதிரி செமிக்கு, லாஃப்டில் பஞ்சு போட்டு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் இருந்தால், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் வெப்ப இழப்பு 6 முதல் 8 கிலோவாட். 30, 35 என்பதெல்லாம் வெந்நீருக்கான எண். எனவே பாய்லர் எவ்வளவு கீழே இறங்கி எரியும் என்று கேளுங்கள். குறைந்தபட்சமே 7 கிலோவாட் என்றால் அக்டோபரிலும் ஏப்ரலிலும் ஏற்றி அணைத்து, ஏற்றி அணைத்து ஓடும். 3-க்கு இறங்குவது நல்லது. பெரிய மாடல்களில் பல இதில் மோசம்.

கமிஷனிங் நாளில் (பாய்லரைச் சோதித்து ஓடவைக்கும் நாள்) ஹீட்டிங் உச்ச அளவைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள், ஃப்ளோ வெப்பத்தை (ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் வெப்பம்) 75-லிருந்து 60-க்கு இறக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் காசு கிடையாது. திரும்பி வரும் தண்ணீர் 55-க்குக் கீழே வந்தால்தான் கண்டன்சிங் பாய்லர் தன் வேலையைச் செய்யும், அதாவது புகையின் ஆவியிலிருந்தும் வெப்பம் எடுக்கும்.

கிங்ஸ்பரி அக்கா | 14 அக்டோபர், இரவு 10.14

தம்பி, அடிப்படைக் கேள்வியையே யாரும் கேட்கவில்லை. காம்பிதான் வேண்டுமா? வீட்டில் எத்தனை பேர்? ஊரிலிருந்து ஆட்கள் வந்து தங்குகிற வீடா? ஒரு ஷவர் ஓடும்போது கீழே பாத்திரம் கழுவினால் இரண்டு பக்கமும் சுருங்கும். சிலிண்டர் ஒழுகாமல் நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொண்டே ஹீட்-ஒன்லி பாய்லர் (சிலிண்டரோடு ஓடும் பழைய வகை) மட்டும் மாற்றலாம். தொட்டி கழற்றல் 220 மிச்சம், கேஸ் குழாய் பெரும்பாலும் மாற்ற வேண்டாம், வேலை ஒரு நாளில் முடியும். பாய்லர் நின்றால் இம்மர்ஷன் ஹீட்டராவது இருக்கும்.

செம்புக்குழாய் | 14 அக்டோபர், இரவு 10.40

அக்கா சொல்வது சரி. அவர் தொடாத ஒன்று: இப்போது உங்கள் சிஸ்டம் லாஃப்ட் தொட்டியின் உயர அழுத்தத்தில் மட்டும் ஓடுகிறது, கீழ்த்தளத்தில் அரை பாருக்கு மேல் இருக்காது. காம்பி போட்டால் மூடிய சிஸ்டம். குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார், சூடானால் இன்னும் ஏறும். இத்தனை வருஷம் கசியாத வால்வு நட்டும் துருப்பிடித்த ரேடியேட்டர் தையலும் முதல் வாரத்திலேயே சொட்ட ஆரம்பிக்கும். கான்கிரீட் தரைக்கு அடியில் குழாய் இருந்தால் இன்னும் தலைவலி.

அ-வின் இரண்டாம் பக்க அடியில் சின்ன எழுத்தில் "ஏற்கனவே உள்ள குழாய், ரேடியேட்டர் கசிவு இதில் சேராது" என்று இருக்கும். அது அயோக்கியத்தனம் அல்ல, எல்லோரும் போடுவதுதான். கசிந்தால் மணிக்கு எவ்வளவு, வால்வுக்கு எவ்வளவு என்று இப்போதே எழுதி வாங்குங்கள். ஒரு டி.ஆர்.வி (ரேடியேட்டரின் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு) ஜோடி 15, 20 பவுண்டுதான். சிஸ்டம் எப்படியும் வடிந்திருக்கும் நாளில் மாட்டினால் கூலி சொற்பம். அதற்காகவே தனியாக வந்து வடித்தால் 100-க்கு மேலே போகும்.

ஹாரோசெமி | 15 அக்டோபர், காலை 8.02

பக்கெட்: 46 நொடி. 13 லிட்டர். வீட்டில் நான்கு பேர், ஒரே குளியலறை. காம்பி, 30. முடிவு செய்தாச்சு. சின்ன எழுத்து அப்படியே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | 15 அக்டோபர், மதியம் 1.15

அந்தச் செம்பு சிலிண்டர் யாருக்கு? பழைய இரும்புக் கடையில் நல்ல காசு வரும். கழற்ற 220-ம் வாங்கிக்கொண்டு சிலிண்டரையும் வேனில் ஏற்றுவார்கள். அடித்துப் பேசுங்கள், 50 குறையும்.

லூட்டன்காரன் | 15 அக்டோபர், மாலை 5.50

தெர்மோஸ்டாட் என்ன போடீனம் எண்டும் கேளுங்கோ. இங்கிலாந்தில 2018 ஏப்ரல் தொடக்கம் காம்பி மாத்தினா நேரமும் வெப்பமும் கட்டுப்படுத்துற கருவி போதாது. அதோட நாலில ஒண்டு வேணும்: வெளிவெப்பத்தைப் பாத்து மாத்துறது, வீட்டுக்குள்ள தேவையைப் பாத்துச் சுடரைக் கூட்டிக் குறைக்கிறது, தானாப் படிச்சு இயங்குற ஸ்மார்ட் கட்டுப்பாடு, இல்லாட்டிப் புகையில இருந்து வெப்பத்தை எடுக்கிற கருவி. "வயர்லெஸ் ஸ்டாட்" எண்டு மட்டும் எழுதியிருந்தா 40 பவுண்ட்ஸ் சாமானைக் கொளுவிப் போட்டுப் போவினம்.

பழையதொட்டி | 16 அக்டோபர், இரவு 9.33

7,500 அரசு தருகிறதே, இந்தக் காசுக்கு ஹீட் பம்ப்பே (வெளியிலிருந்து வெப்பம் இழுக்கும் மின் கருவி) போடலாமே?

கிங்ஸ்பரி அக்கா | 16 அக்டோபர், இரவு 10.05

7,500 உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 அக்டோபர் 23 முதல் காற்று ஹீட் பம்ப்புக்கு அந்தத் தொகை. விண்ணப்பிப்பது எம்.சி.எஸ் சான்று (இந்த வகைக் கருவி பொருத்துவோருக்கான தரச்சான்று) பெற்ற இன்ஸ்டாலர், நீங்கள் இல்லை. வி.ஏ.டி 2027 மார்ச் 31 வரை பூஜ்யம். ஆனால் கழித்தபின் உள்ள விலையை மட்டும் பெரிதாக எழுதுகிறவர்களிடம் கழிக்கும் முன் விலையைக் கேளுங்கள்.

அந்தக் கோட்டேஷனில் நான் முதலில் தேடுவது அறைவாரியான வெப்ப இழப்புக் கணக்கு, அடுத்து எந்த ஃப்ளோ வெப்பத்துக்கு வடிவமைத்தார்கள் என்பது. ரேடியேட்டர் பெட்டியில் போட்ட வாட் எண், தண்ணீர் அறையைவிட 50 டிகிரி சூடாக இருக்கும்போது கிடைப்பது. 55 ஃப்ளோவில் அதில் பாதிதான் வரும், 45-ல் மூன்றில் ஒரு பங்கு. எந்தெந்த ரேடியேட்டர் மாறும் என்ற பட்டியல் இல்லாத ஹீட் பம்ப் விலை, விலையே இல்லை.

தம்பிக்கு ஒன்று: நாலைந்து வருஷத்தில் ஹீட் பம்ப் எண்ணம் இருந்தால் ஏரிங் கப்போர்டை இப்போது இடிக்க வேண்டாம். அதற்குத் திரும்பச் சிலிண்டர் வேண்டும்.

ஹாரோசெமி | 19 அக்டோபர், மாலை 4.20

மூன்று பேரிடமும் ஒரே கேள்விப் பட்டியலை அனுப்பினேன்.

அ: பவர் ஃப்ளஷ் எடுத்துவிட்டு ரசாயனக் கழுவல் 180. மொத்தம் 3,490. சிலிண்டர் பேரத்தில் 40 குறைத்து 3,450.

ஆ: "கேஸ் பைப் மாத்தணும்னா 300. ஃபில்டர் 110. நல்ல ஸ்டாட் 130. கழுவல் 150. தொட்டி, சிலிண்டர் 200." கூட்டினால் 3,340. கேஸ் சேஃப் நம்பர் தந்தார், தளத்தில் சரியாக இருக்கிறது, பாய்லர் தகுதியும் உண்டு.

இ: கேஸ் குழாய் "அன்று பார்த்துச் சொல்வோம்". தொட்டி அகற்றல் கூடுதல். எவ்வளவு என்று சொல்லவில்லை.

1,400 வித்தியாசம் 110 ஆகிவிட்டது.

கணக்குப்பிள்ளை | 19 அக்டோபர், மாலை 5.05

வி.ஏ.டி போடாத 3,340-ம் போடும் 3,450-ம். இப்போது ஆ-தான் கூலி அதிகம் வாங்குகிறார்! இ-யை விடுங்கள். அன்று காலையில் பாய்லரைக் கழற்றிவைத்துவிட்டு "இன்னும் 600" என்றால் வெந்நீர் இல்லாத வீட்டில் உட்கார்ந்து என்ன பேரம் பேசுவீர்கள்?

செம்புக்குழாய் | 19 அக்டோபர், இரவு 8.44

110-க்காக யோசிக்காமல் வாரண்டியை ஒப்பிடுங்கள். ஒரே மாடலுக்கு ஒருவர் 5 வருஷம், இன்னொருவர் 10 தர முடியும். அந்தப் பிராண்டின் அங்கீகாரம் பெற்ற இன்ஸ்டாலர் என்றால் கூடுதல் வருஷம் கிடைக்கும். பல பிராண்டுகளில் 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், வருஷம் தவறாமல் சர்வீஸும் வேண்டும். ஒரு வருஷம் விட்டால் மிச்சம் போய்விடும். சர்வீஸ் 80 முதல் 120. பத்து வருஷ வாரண்டிக்கு உண்மையான விலை அது.

வேலை முடிந்ததும் கையில் இருக்க வேண்டியவை: பாய்லர் புத்தகத்தின் பின்னால் பெஞ்ச்மார்க் பக்கம் (பொருத்தியபோது அளந்ததை எழுதும் படிவம்) நிரப்பி, அதில் கேஸ் அழுத்தமும் புகை அளவும் எழுதியிருக்க வேண்டும். வெறும் கையெழுத்து போதாது. அப்புறம் கட்டட விதிச் சான்றிதழ். இன்ஸ்டாலர் 30 நாளுக்குள் கேஸ் சேஃபுக்குத் தெரிவித்தால் உங்களுக்கு வந்து சேரும். வீடு விற்கும்போது வக்கீல் கேட்கிற முதல் காகிதங்களில் அது ஒன்று.

கண்டன்சேட் 95-ஐ யாரும் கேள்வி கேட்கவில்லை. வெளியே போகும் குழாய் 32 மி.மீ. பிளாஸ்டிக், மீட்டருக்கு 45 மி.மீ. சரிவு, மழை தாங்கும் உறை. உள்ளேயே சிங்க் கழிவில் சேர்க்க முடிந்தால் அதுதான் நல்லது, 95-ம் குறையும். 21.5 மி.மீ. ஒல்லிக் குழாயை வெளிச்சுவரில் ஓட்டினால் பனி உறையும் முதல் இரவில் அடைத்துக்கொண்டு பாய்லர் நின்றுவிடும்.

கிங்ஸ்பரி அக்கா | 19 அக்டோபர், இரவு 9.30

முன்பணம் 20, 25 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதையும் கிரெடிட் கார்டில், நேராக இன்ஸ்டாலருக்கே கட்டுங்கள். வேலை விலை 100-க்கு மேல் 30,000 வரை என்றால், முன்பணம் மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழு வேலைக்கும் 1974 கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு துணை வரும், அதாவது கார்டு கம்பெனியிடமும் காசைக் கேட்கலாம். வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் என்றால் 14 நாள் ரத்து உரிமையும் உண்டு. ஆனால் அதற்குள் வேலையை ஆரம்பிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால் செய்த வேலைக்குக் காசு தர வேண்டும்.

ஹாரோசெமி | 21 அக்டோபர், இரவு 9.10

அ-வுக்குச் சரி சொல்லியாச்சு. கண்டன்சேட் சிங்க் கழிவில் சேர்க்கிறார், 3,390. 10 வருஷ வாரண்டி. கொள்ளை என்றதை வாபஸ் வாங்கவில்லை, 460 குறைந்திருக்கிறதே!

பழையதொட்டி | 23 அக்டோபர், மதியம் 12.40

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். வாடகைக்கு விட்ட ஃபிளாட், இரண்டாம் மாடி, லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகை). 24 கிலோவாட் காம்பிக்குப் பதில் காம்பி, அதே இடம். 2,150 கேட்கிறார். அதிகமா?

செம்புக்குழாய் | 23 அக்டோபர், இரவு 7.58

நேர் மாற்று, ஒரு நாள் வேலை. 2,150-ல் ஃபில்டரும் கழுவலும் சேர்ந்திருந்தால் சரியான விலை. கார்பன் மோனாக்சைடு அலாரமும் பட்டியலில் இருக்கட்டும். பாய்லர் மாற்றும்போது வேண்டும், வாடகை வீட்டுக்கு 2022 அக்டோபர் 1 முதல் எப்படியும் வேண்டும். 20 பவுண்டு. வருஷாந்தர கேஸ் சோதனைச் சீட்டையும் அன்றே போட்டுத் தரச் சொல்லுங்கள்.

ஃபிளாட்டில் விலையை மாற்றுவது புகைக்குழாய்தான். அது கூரைப்பலகைக்கு மேலே மறைவாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க முடிகிற மாதிரி திறப்பு வேண்டும். இல்லையென்றால் தச்சுவேலை தனிச் செலவு.

லூட்டன்காரன் | 23 அக்டோபர், இரவு 8.25

புதுப் பொயிலரின்ர புகைக்குழாய் பழைய ஓட்டைக்குள்ள சரியா வருமோ எண்டும் கேளுங்கோ. வராட்டி வெளிச்சுவர் உடைக்க வேணும். அந்தச் சுவர் ஃப்ரீஹோல்டரின்ர (கட்டடத்தின்ர சொந்தக்காரர்). அவை எழுத்தில சம்மதம் தாறதுக்கு முந்தி முன்பணம் குடுக்காதேங்கோ.